மழையைப் பார்த்துக் குடித்தனம் வைக்கும் சுண்டெலி

இரவெல்லாம் குளிரில் விறைத்துக் கிடந்த புதர் மேல் முதல் வெயில் விழுகிறது. அடியிலிருந்து ஒரு மூக்கு எட்டிப் பார்க்கிறது. மீசை துடிக்கிறது. வானத்தில் பருந்து எதுவும் வட்டமிடவில்லை என்று உறுதியான பிறகுதான் உடம்பு வெளியே வருகிறது. உள்ளங்கையில் அடங்கிவிடும் ஒரு சுண்டெலி. முதுகு நெடுக நான்கு கரும்பட்டைகள். வெயில் வரும் பக்கமாக விலாவைத் திருப்பி, முடியைச் சிலிர்த்துக்கொண்டு உட்காருகிறது. பின்னாலேயே இன்னொன்று வருகிறது, அப்புறம் மூன்று, அப்புறம் ஏழெட்டு. ஒன்றோடொன்று ஒட்டி உட்கார்ந்து குளிர் காய்கின்றன. ஒன்று இன்னொன்றின் கழுத்து முடியைக் கோதிவிடுகிறது. உடம்பு சூடேறியதும் ஒவ்வொன்றாகக் கிளம்பி, தனித்தனியாக இரை தேடப் போய்விடுகின்றன. சாயங்காலம் எல்லாம் இதே புதருக்குத் திரும்பிவிடும்.

தென்னாப்பிரிக்காவின் வடக்கு கேப் மாகாணத்தில், ஸ்பிரிங்பாக் என்ற ஊரிலிருந்து சுமார் 15 கிலோமீட்டர் தள்ளி இருக்கிற கூகாப் இயற்கைக் காப்பகத்தில் தினமும் நடக்கும் காட்சி இது. பார்க்கிற யாரும் 'இது கூட்டமாக வாழும் பிராணி' என்று குறிப்பு எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். ஆனால் கடும் வறட்சி முடிந்த ஒரு வருஷத்தில் அதே இடத்துக்குப் போனால், ஒரு புதருக்கு ஒரு சுண்டெலிதான் இருக்கும். அதே இனம், அதே மண், அதே புதர். குடித்தனம் மட்டும் மாறியிருக்கும்.

இப்படி மாறுவதற்கு உயிரியலில் ஒரு பெயர் இருக்கிறது: சமூக நெகிழ்வு. கேட்கும்போது பெரிய வார்த்தையாகத் தெரிந்தாலும் விஷயம் எளியது. அதைப் புரிந்துகொள்ள இந்தச் சுண்டெலியைவிட நல்ல ஆசிரியர் கிடைப்பது அரிது.

முதலில் ஆளைப் பற்றி. ஆங்கிலேயர்கள் இதை நான்கு வரிப் புல் எலி என்கிறார்கள். ஆப்பிரிக்கான்ஸ் மொழியில் 'ஸ்ட்ரீப்மைஸ்', அதாவது வரி எலி. அறிவியல் பெயர் ராப்டோமிஸ் பியூமிலியோ. கிரேக்கத்தில் ராப்டோஸ் என்றால் கோல், மிஸ் என்றால் எலி. லத்தீனில் பியூமிலியோ என்றால் குள்ளன். கோல் கோலாய் வரி போட்ட குள்ள எலி என்று வைத்துக்கொள்ளுங்கள். இதை 1784-இல் முதன்முதலாக அறிவியல் முறையில் விவரித்தவர் ஆண்டர்ஸ் ஸ்பார்மன் என்ற சுவீடன் நாட்டு இயற்கையாளர். வளர்ந்த சுண்டெலி ஒன்று 40 கிராம் அளவில் இருக்கும். வால் கிட்டத்தட்ட உடம்பின் நீளத்துக்கு. பெரும்பாலான பாலைவன எலிகள் இரவில் நடமாட, இது பகலில் நடமாடுகிறது. ஆராய்ச்சியாளர்களுக்கு இது பெரிய வசதி. வெறும் கண்ணாலேயே உட்கார்ந்து பார்க்கலாம்.

அந்த முதுகு வரியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக மனம் வரவில்லை. அணிலைப் பார்த்து வளர்ந்த நமக்கு வரி என்றதும் தடவிக்கொடுத்த விரல்கள் ஞாபகத்துக்கு வரும். இந்தச் சுண்டெலியின் வரி எப்படி உண்டாகிறது என்பதை 2016-இல் கண்டுபிடித்தார்கள். வெளிர்ப்பட்டை வர வேண்டிய தோலில் ஏஎல்எக்ஸ்3 என்ற மரபணு கூடுதலாக வேலை செய்கிறது. அது நிறமிச் செல்களை முதிர விடாமல் தடுக்கிறது. எனவே அங்கே வளரும் முடி வெளுத்து நிற்கிறது, பக்கத்துப் பட்டை கறுத்து நிற்கிறது. வட அமெரிக்காவின் வரி அணிலான சிப்மங்க்கிலும் இதே மரபணு இதே இடத்தில் கூடுதலாக வேலை செய்கிறது. இரண்டின் வம்சமும் பிரிந்து ஏறக்குறைய 7 கோடி ஆண்டுகள் ஆகின்றன. தனித்தனியாகக் கோலம் போட்ட இரண்டு கைகளும் ஒரே புள்ளியிலிருந்துதான் ஆரம்பித்திருக்கின்றன.

இனி ஊர். கூகாப் இருக்கும் பகுதி நமக்வாலாந்து. சதைப்பற்றுத் தாவரங்கள் மண்டிக் கிடப்பதால் இந்த வறள்நிலத்துக்கு சக்குலன்ட் கரூ என்று பெயர். ஆண்டுக்குச் சராசரியாக 160 மில்லிமீட்டர் அளவில்தான் மழை. அதுவும் பெரும்பகுதி குளிர்காலத்தில் விழுகிறது. பூமியின் தென்பாதி என்பதால் அங்கே குளிர்காலம் நம் கோடையான மே மாதம் தொடங்குகிறது. குளிர்கால இரவுகளில் உறைநிலையைத் தொடும் குளிர். கோடையில் தரை கொதிக்கும். ஆனால் மழை சரியாகப் பெய்துவிட்டால் ஆகஸ்ட், செப்டம்பரில் அந்த நிலம் ஆரஞ்சும் மஞ்சளும் வெள்ளையுமாகப் பூத்துத் தள்ளும். அதைப் பார்க்கவே உலகெங்குமிருந்து ஆட்கள் வருகிறார்கள். சுண்டெலிக்கு அந்தப் பூக்கள் சாப்பாடு. புரதம் நிறைந்த பூவும் தளிரும் கிடைக்கும் அந்தச் சில மாதங்கள்தான் அதன் பிள்ளைப்பேற்றுக் காலம். கர்ப்பம் சுமார் 23 நாள். ஒரு ஈற்றுக்கு ஐந்து குட்டிகள் அளவில். பூ உதிர்ந்ததும் இனப்பெருக்கமும் நிற்கும். பிறகு அடுத்த மழை வரை நீண்ட வறட்சி.

அந்த வறட்சியைப் பெரும்பாலான சுண்டெலிகள் ஒரே ஒருமுறைதான் பார்க்கின்றன. இந்த வசந்தத்தில் பிறந்தது, கோடையைத் தாண்டிப் பிழைத்தால் அடுத்த வசந்தத்தில் குட்டி போடும், அதற்கடுத்த கோடையில் மறையும். ஒரு வாழ்க்கைக்கு ஒரு பருவம். இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டால்தான், 'யாரோடு வாழ்வது' என்ற கேள்வி இந்த உயிருக்கு ஏன் இவ்வளவு பெரிது என்பது புரியும்.

இப்போது சமூக நெகிழ்வுக்கு வருவோம்.

புலி தனியாக வாழும். செந்நாய் கூட்டமாக வாழும். பள்ளிக்கூடப் புத்தகத்தில் இப்படித்தான் படிக்கிறோம். ஒவ்வொரு இனத்துக்கும் ஒரு குணம், அது பிறவியிலேயே வந்தது என்ற எண்ணம் நமக்குள் ஊறிவிட்டது. பல இனங்களுக்கு அது பெருமளவு சரியும்கூட. ஆனால் சில இனங்களில், ஒரே உயிர் தன் வளர்ந்த பருவத்திலேயே இன்று கூட்டத்தில் இருந்துவிட்டு நாளை தனியே போகும். பிறகு நிலைமை மாறினால் மறுபடியும் கூட்டமாகும். ஆணும் அப்படி, பெண்ணும் அப்படி. தனி உயிர்கள் இப்படி மாறும்போது அந்த வட்டாரத்தின் சமூக அமைப்பே மாறிப்போகிறது. சமூக நெகிழ்வு என்பது இதுதான்.

இங்கே ஒரு சந்தேகம் வர வேண்டும். தென்னாப்பிரிக்காவின் கிழக்கே, மழை அதிகமுள்ள புல்வெளிகளில் வாழும் வரி எலிகள் தனியாகத்தான் வாழ்கின்றன. வறண்ட மேற்கில் கூட்டம், ஈரமான கிழக்கில் தனிமை. இதை வைத்துக்கொண்டு மட்டும் 'நெகிழ்வு' என்று சொல்லிவிட முடியாது. ஏனென்றால் அந்தப் புல்வெளி எலியை இப்போது ராப்டோமிஸ் டைலெக்டஸ் என்று தனி இனமாகவே பிரித்துவிட்டார்கள். வேறு இனம், வேறு குணம், அவ்வளவுதான் என்று ஒருவர் சொன்னால் பதில் சொல்ல வேண்டியிருக்கும். பதில் கூகாப்பிலேயே இருக்கிறது. அங்கே ஒரே இனம், ஒரே பள்ளத்தாக்கில், வருஷத்துக்கு வருஷம் மாறுகிறது. அதனால்தான் அந்த இடம் இவ்வளவு முக்கியமானது. கார்ஸ்டன் ஷ்ராடின் என்ற உயிரியலாளர் 2001-இல் அங்கே போய் இந்தச் சுண்டெலிகளைக் கவனிக்க ஆரம்பித்தார். ஜோகன்னஸ்பர்க் விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகத்தின் நெவில் பிள்ளையும் வேறு பலரும் சேர்ந்துகொண்டார்கள். ஆண்டுக்கணக்கில், தலைமுறை தலைமுறையாக, அதே புதர்களை விடாமல் பார்த்துவந்ததில்தான் இந்த மாற்றம் கண்ணில் பட்டது. ஒரு வருஷம் மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பியிருந்தால் பாதி உண்மையோடு திரும்பியிருப்பார்கள்.

எப்படிப் பார்க்கிறார்கள்? வேலை மிக எளிமையானது, பொறுமை மட்டும் மலையளவு வேண்டும். தகரப் பெட்டிப் பொறிக்குள் தவிட்டு அவல், உலர் திராட்சை, கடல் உப்பு, சமையல் எண்ணெய் இவற்றைப் பிசைந்து இரையாக வைக்கிறார்கள். பொறியைக் கூட்டுக்குப் பக்கத்தில், புதரின் நிழலில் வைக்க வேண்டும். வெயிலில் பெட்டி காய்ந்தால் உள்ளே இருப்பது செத்துவிடும் என்பதால் அடிக்கடி போய்ப் பார்க்க வேண்டும். பிடிபட்டதை எடை போட்டு, காதில் எண் உள்ள சிறு உலோக வளையம் மாட்டி, முடிச்சாயத்தால் உடம்பில் ஓர் அடையாளம் போட்டு விட்டுவிடுகிறார்கள். தலை நரையை மறைக்கப் பூசுகிறோமே, அதே மாதிரி கறுப்புச் சாயம். தூரத்திலிருந்து பைனாகுலரில் பார்த்தாலே 'இது இன்னார்' என்று சொல்லிவிடலாம். சிலவற்றுக்கு ஒரு சில கிராம் எடையுள்ள ரேடியோ பட்டி கழுத்தில் போடுவார்கள். இரவில் ஆன்டெனாவைப் பிடித்துக்கொண்டு நடந்தால் எது எந்தப் புதரில் தூங்குகிறது என்று அதன் ஓசை காட்டிக்கொடுக்கும். பகலில் எல்லாம் தனித்தனியே மேய்வதால், யாரோடு யார் தூங்குகிறார்கள் என்பதுதான் குடும்பத்துக்கு இலக்கணம்.

அந்தக் குடும்பம் இப்படி இருக்கும். இனப்பெருக்கம் செய்யும் ஆண் ஒன்று. குட்டிபோடும் பெண்கள் இரண்டு முதல் நான்கு. அவற்றின் வளர்ந்த பிள்ளைகள், ஆணும் பெண்ணுமாக. இனப்பெருக்கம் முடிந்த காலத்தில் வளர்ந்தவை மட்டும் 30 வரை ஒரே கூட்டில் சேர்வதுண்டு. கூடு பெரும்பாலும் சைகோபில்லம் என்ற புதருக்குள் இருக்கும். நம் நெருஞ்சில் குடும்பத்தைச் சேர்ந்த செடி அது. சில சமயம் இந்தச் சுண்டெலிகள் புதர்க் கரூ எலி என்ற வேறொரு எலி குச்சி குச்சியாக அடுக்கிக் கட்டிய வீட்டிலும் குடியேறிக்கொள்ளும். தாய்கள் ஒன்றின் குட்டிக்கு மற்றொன்று பால் கொடுக்கும். தகப்பனும் சும்மா இருப்பதில்லை. குட்டிகளோடு ஒண்டிப் படுத்து அவற்றுக்குச் சூடு கொடுக்கும், நக்கிச் சுத்தம் செய்யும். பாலூட்டிகளில் மிகப் பெரும்பாலானவற்றில் ஆண் இந்த வேலை எதையும் செய்வதில்லை.

இவ்வளவு ஒட்டுறவோடு வாழ்வது ஏன் தனிக்குடித்தனம் போகிறது?

கூட்டுக் குடும்பத்தில் நிறைய நல்லது உண்டு. முதல் நல்லது, சூடு. ஒரு டம்ளர் வெந்நீரையும் ஓர் அண்டா வெந்நீரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் டம்ளர்தான் சீக்கிரம் ஆறும். சின்னதுக்கு அதன் கனத்தோடு ஒப்பிட்டால் வெளிப்பரப்பு அதிகம். 40 கிராம் உடம்பு அந்த டம்ளர். உறையும் இரவில் அது தன் சூட்டைக் காக்க, தின்றதையெல்லாம் எரிக்க வேண்டும். பத்து டம்ளர்களை நெருக்கி அடுக்கினால் அவை கொஞ்சம் அண்டாவைப் போலாகின்றன. கூட்டமாக ஒண்டித் தூங்கும் சுண்டெலிகள் ஒரு நாளைக்குச் செலவிடும் ஆற்றல் நிஜமாகவே குறைகிறது என்று கூகாப்பிலேயே அளந்து பார்த்திருக்கிறார்கள். காலையில் வெயில் காய்வதும் இதே சிக்கனத்தின் இன்னொரு பக்கம். உள்ளே எரிக்க வேண்டியதை வெளியிலிருந்து இலவசமாக வாங்கிக்கொள்கிறது.

கெட்டதும் உண்டு, அது குட்டிபோடும் காலத்தில் தலைதூக்கும். ஒரே கூட்டில் பல பெண்கள் ஈனும்போது, ஒன்றின் பச்சிளங்குட்டிகளை மற்றொன்று கொன்றுவிடும் ஆபத்து இருக்கிறது. வளர்ந்த மகன்கள் தகப்பனோடு போட்டி போட முடியாமல் ஒதுங்கி நிற்க வேண்டியிருக்கிறது. ஆயுளில் ஒரே ஒரு இனப்பெருக்கப் பருவம் என்று சொன்னேன் அல்லவா? அதைப் போட்டியிலும் பயத்திலும் கழிப்பது பெரிய இழப்பு. ஆக, குட்டிபோடும் நேரத்தில் தனியாக இருப்பதே லாபம். அந்த நேரத்திலும் கூட்டத்தில் இருப்பதற்கு ஒரே காரணம், வெளியே போக இடமில்லாததுதான். நல்ல மழை, நிறைய குட்டிகள், ஒவ்வொரு புதரிலும் ஏற்கெனவே ஒரு குடும்பம். போனால் எங்கே போவது?

சொல்லக் கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் உண்மையா என்று எப்படித் தெரியும்? பக்கத்தில் காலி இடம் உண்டாக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும். அப்படியே செய்தார்கள். சில பகுதிகளிலிருந்து சுண்டெலிகளை அகற்றி, குடும்பங்களுக்கு அருகில் ஆளில்லாத நிலத்தை உருவாக்கினார்கள். இனப்பெருக்கக் காலத்தில் செய்தபோது கூட்டத்திலிருந்து சில கிளம்பி அங்கே போய்த் தனிக்குடித்தனம் வைத்தன. இனப்பெருக்கம் இல்லாத காலத்தில் அதே மாதிரி இடம் கொடுத்தபோது கூட்டத்தை விட்டுக் கிளம்பவில்லை. போட்டி இல்லாத காலத்தில் சூட்டையும் துணையையும் விட்டுப் போவானேன்? இந்தச் சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு பெரிய கேள்வியைக் காலிமனை ஒன்றைக் காட்டியே கேட்டுவிட்டார்கள்.

ஆண்களின் கதை இன்னும் சுவையானது. ஓர் ஆண் சுண்டெலிக்கு மூன்று வழிகள் உண்டு. பிறந்த வீட்டிலேயே தங்கிவிடலாம். தனக்கென்று கூடில்லாமல் ஊர் சுற்றி, கிடைத்த இடத்தில் துணை தேடலாம். அல்லது ஒரு பெண் குழுவின் நிலத்தைக் கைப்பற்றி, குடும்பத் தலைவனாகலாம். எது எந்த வழியில் போகும் என்பதைப் பெரும்பாலும் எடை தீர்மானிக்கிறது. கனமானது குடும்பத் தலைவன். இலேசானது வீட்டோடு பிள்ளை. நடுவில் இருப்பது நாடோடி. இது நிரந்தரப் பட்டமல்ல. வீட்டோடு இருந்தது எடை ஏறியதும் நாடோடியாகும், வாய்ப்பு வந்தால் தலைவனாகும்.

வழி மாறும்போது உடம்பின் ரசாயனமும் கூடவே மாறுகிறது. இரத்தத்தை எடுத்துப் பார்த்தால் நாடோடியிடம் ஆண்மை ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் உச்சத்தில் இருக்கிறது. வீட்டோடு இருக்கும் வளர்ந்த மகனிடம் அது குறைவு. அதற்குப் பதில் மன அழுத்தத்தோடு சேர்த்துப் பேசப்படும் கார்டிகோஸ்டிரோன் அதிகம். குடும்பத் தலைவனிடம் புரோலாக்டின் கூடியிருக்கிறது. தாய்மாரிடம் பால் சுரக்க வைக்கும் அதே ஹார்மோன்தான். குட்டிகளுக்குச் சூடு கொடுத்துப் படுத்திருக்கும் அப்பனின் இரத்தத்தில் அது ஓடுகிறது. நெகிழ்வு என்றால் வெறும் நடத்தை மாற்றம் இல்லை, உடம்பே தன்னை மாற்றி அமைத்துக்கொள்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

சுண்டெலிகள் நிறைய இருக்கும் ஆண்டில் குடும்பத் தலைவனுக்குத்தான் பிள்ளைகள் அதிகம். பெண்கள் கூட்டமாக இருக்க, ஒரு நிலத்தைக் காத்தால் பல பெண்கள் கிடைக்கிறார்கள். ஆனால் வறட்சி வந்து எண்ணிக்கை சரிந்துவிட்டால், மிஞ்சிய பெண்கள் ஆளுக்கொரு புதரில் பரவிவிடுகிறார்கள். காக்க ஒரு கூட்டமே இல்லாதபோது தலைவன் பதவி எதற்கு? அப்போது ஆண்கள் ஏறக்குறைய எல்லாம் நாடோடிகள்தான்.

கோடையைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இது பாலைவனக் கதையாகாது. பூ போய்விட்டது, விதை குறைந்துவிட்டது. மிஞ்சியிருப்பது சைகோபில்லம் போன்ற செடிகளின் தடித்த இலைகள். சத்து கம்மி, நீர் உண்டு. குடிக்கக் குட்டை இல்லாத நிலத்தில் அந்த இலைதான் தண்ணீர்க் குடம். சாப்பாடு குறைந்தால் சுண்டெலி செலவைக் குறைக்கிறது. தைராய்டு ஹார்மோன் இறங்குகிறது, அதோடு சும்மா இருக்கும்போது எரியும் ஆற்றலும் இறங்குகிறது. அடுப்பை அணைக்காமல் திரியை மட்டும் தணிப்பது போல. இந்த மாதங்களில்தான் கூடு நிறைந்திருக்கும். தாய், தகப்பன், போன வசந்தத்தில் பிறந்த பிள்ளைகள் எல்லாம் ஒரே குவியலாகத் தூங்கும். பல பிழைக்காது. பருந்தும் பாம்பும் கீரியும் பசியும் ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்ளும்.

பிறகு ஒரு நாள் மழை பெய்கிறது. கல்லிடுக்கில் தளிர் வருகிறது. சில வாரங்களில் புதர்களுக்கு நடுவே ஆரஞ்சுப் பூ விரிகிறது. பொறியில் பிடித்த ஒரு பெண்ணைத் தராசில் வைத்தால் எடை ஏறியிருக்கிறது. வயிறு பருத்திருக்கிறது. அக்கம்பக்கத்தில் கோடை நிறையக் காலி செய்துவிட்டுப் போயிருக்கிறது. புதர்க் கரூ எலி கைவிட்ட ஒரு குச்சி வீடு, கூப்பிடு தூரத்தில், ஆளில்லாமல் நிற்கிறது. அன்று இரவு ஆன்டெனாவோடு போகிறவர் வழக்கமான புதருக்கு அருகில் நின்று கேட்கிறார். மற்றவற்றின் ஓசையெல்லாம் அங்கிருந்து வருகிறது. அவளுடையது மட்டும் அந்தக் குச்சி வீட்டிலிருந்து வருகிறது.